ஹீற்றர் சொல்லும் சாட்சி

மனிதருக்குக் காய்ச்சல் கண்டால், நல்ல வைத்தியர் எடுத்த எடுப்பில் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்கிறார். நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். காய்ச்சல் காலையிற் கூடுகிறதா, மாலையிற் கூடுகிறதா என்று வினவுகிறார். மோட்டார் வண்டிக்குக் காய்ச்சல் கண்டாலோ நம்மிற் பலர் ஒரு வினாவும் எழுப்புவதில்லை. முதலில் தெர்மோஸ்ராற்றை மாற்றுகிறார்கள். பின்னர் நீர்ப்பம்பியை மாற்றுகிறார்கள். அதன் பின்னர் றேடியேற்றரையும் மாற்றுகிறார்கள். இறுதியிற் பார்த்தால், குற்றம் வெடிப்பு விழுந்த ஒரு சிறு றப்பர்க் குழாயில் இருந்திருக்கும். அதற்குள் கைப்பணம் கரைந்துவிடுகிறது.

இவ்வாரம் டீசலில் ஓடும் பிக்கப் வண்டியின் குளிராக்கல் முறையையும், அதனோடு பிணைந்த ஹீற்றரையும் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ‘கெப்’ என்று வழங்கும் வண்டி இதுவே. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் சந்தைக்கு இறங்குவது சிறு லொறிகளிலும் இத்தகைய வண்டிகளிலுமே. வண்டி வழியில் நின்றால் அன்றைய மரக்கறி வாடும். எஞ்சினின் தலைப்பகுதி வெடித்துவிட்டாலோ ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு அதனோடு போய்விடும். ஆகவே இது மெக்கானிக்குக்கு மாத்திரம் உரிய விடயம் அன்று. வண்டியில் ஏறும் வீட்டார் யாவரும் அறிந்திருக்க வேண்டியது.

ஒரே நீர், இரண்டு வேலை

பெற்றோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை நெருக்கும்போது எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஜேர்மனியரான றுடோல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய முறை இதுவே. ஆயினும் எரியும் டீசலின் சக்தி முழுவதும் வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. பாதிக்கு மேற்பட்ட பங்கு வெப்பமாகவே வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகின்றது. மற்றொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சுமந்து செல்கின்றது.

அந்நீரின் பயணத்தை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்வது நன்று. நீர்ப்பம்பி தள்ளும் நீர், எஞ்சினின் அடிப்பகுதியிற் புகுந்து, உருளைகளைச் சுற்றி, தலைப்பகுதிக்கு ஏறுகின்றது. நீர் இன்னும் சூடேறாவிடின், தெர்மோஸ்ராற் என்னும் மெழுகுக் கதவு மூடியே இருக்கும். அப்போது நீர் றேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் எஞ்சினுக்குள்ளேயே சுழலும். ஏறக்குறைய 82 பாகை செல்சியஸ் ஆனதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கின்றது. சூடான நீர் றேடியேற்றரில் இறங்கி, காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் பம்பிக்கு வருகின்றது.

முற்காலத்தில் பம்பி இல்லாத வண்டிகளும் இருந்தன. 1908இல் வெளிவந்த ஃபோர்ட் ‘ரீ’ மாதிரி வண்டிகளிற் பெரும்பாலானவை, சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற மேற்காவுகை விதியை நம்பியே ஓடின. இக்காலத்து எஞ்சினின் வெப்பத்துக்கு அவ்வேகம் போதாது.

இனி ஹீற்றர். டாஷ்போட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறு றேடியேற்றர் மறைந்திருக்கின்றது. எஞ்சினிலிருந்து இரண்டு றப்பர்க் குழாய்கள் அதற்குச் செல்கின்றன. ஒன்று சூடான நீரைக் கொண்டுபோகும், மற்றது திருப்பிக் கொண்டுவரும். அதனூடாக விசிறி ஊதும் காற்றே குளிரிற் கைகால் விறைக்காமல் நம்மைக் காக்கின்றது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இதை நினைப்பாரில்லை. மாசி மாதத்து நுவரெலியாவில், தரையில் உறைபனி படியும் விடியற்காலையில், இதன் அருமை தெரியும்.

ஆனால் ஹீற்றருக்கு இன்னொரு பயன் உண்டு. எஞ்சினைக் குளிராக்கும் அதே நீர்தான் ஹீற்றரிலும் ஓடுகின்றது. ஆதலால் ஹீற்றர் சூடான காற்றை ஊதினால் மூன்று செய்திகள் உறுதிப்படும்: நீர் இருக்கின்றது, அது சூடாயிருக்கின்றது, அது ஓடுகின்றது. டாஷ்போட்டிலுள்ள ஊசி ஒரு சாட்சி. ஹீற்றர் இரண்டாவது சாட்சி. இவ்விரு சாட்சிகளையும் ஒருங்கே விசாரித்தால் குற்றவாளி பெரும்பாலும் அகப்பட்டுவிடுவான்.

நான்கு நிலைகள்

முதலாவது நிலை: ஊசி உயரவில்லை, ஹீற்றரும் வெதுவெதுப்பாகவே ஊதுகின்றது. அரைமணி நேரம் ஓடியும் இந்நிலை நீடித்தால் தெர்மோஸ்ராற் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று ஐயுற வேண்டும். அல்லது அங்கே தெர்மோஸ்ராற்றே இல்லாதிருக்கலாம். வெப்ப நாட்டுக்கு இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது நன்றன்று. குளிர்ந்தபடி ஓடும் டீசல் எஞ்சின் எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும், விரைவிலே தேயும். அத்துடன், பல எஞ்சின்களில் தெர்மோஸ்ராற் திறக்கும்போது அதன் அடித்தட்டு குறுக்கு வழியை அடைத்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்ராற்றைக் கழற்றினால் குறுக்கு வழி என்றும் திறந்தே கிடக்கும். நீரில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே சுற்றிவரும். குளிர்ச்சிக்கென்று செய்த காரியம் மலை ஏறுகையிற் கொதிப்பில் முடியும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டீசல் எஞ்சின் நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது மிகக் குறைந்த வெப்பத்தையே பிறப்பிக்கின்றது. ஆதலாற் குளிர்காலையில் வண்டியை நிறுத்தியபடி ஓடவிட்டு, ஹீற்றர் சூடேறவில்லையே என்று கவலைப்படுவது வீண். ஐரோப்பியக் குளிர் நாடுகளில் டீசல் வண்டிகள் பலவற்றுக்கு மின்சாரத்தாலோ எரிபொருளாலோ இயங்கும் துணை ஹீற்றர் பொருத்துவது இக்காரணத்தினாலேயே.

இரண்டாவது நிலை: ஊசி சரியான இடத்தில் நிற்கின்றது, ஹீற்றர் மட்டும் குளிர்ந்து ஊதுகின்றது. எஞ்சின் நலமாகவே உள்ளது, குறை ஹீற்றரிலேயே. பொனற்றைத் திறந்து, சுழலும் விசிறிக்கும் பட்டிக்கும் கையும் சேலைத் தலைப்பும் எட்டாதபடி விலகி நின்று, ஹீற்றர்க் குழாய் இரண்டையும் அவதானமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் சூடானால் நீர் வருகின்றது. காற்றைத் திருப்பும் உட்கதவோ அதன் கம்பியோ பழுது. ஒன்று சூடு, மற்றது குளிர் என்றால் உள்ளே அடைப்பு, அல்லது நீரை விடும் வால்வு மூடியுள்ளது. இரண்டும் குளிரானால் நீர் வரவேயில்லை. உள்ளே காற்று அடைபட்டிருக்கலாம், அல்லது நீர் குறைந்திருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒழுகிய ஹீற்றரைத் திருத்தச் செலவாகும் என்று, அதன் குழாய்கள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டிருப்பார்கள். அவ்வண்டியில் இரண்டாவது சாட்சி வாய் திறக்காது.

மூன்றாவது நிலை: ஊசி ஏறுகின்றது, ஹீற்றரும் நன்கு சூடாக ஊதுகின்றது. நீர் இருக்கின்றது, ஓடுகின்றது, ஆனால் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க இயலவில்லை. முன்புறத்திற் சேறும் பூச்சியும் வைக்கோலும் படிந்திருக்கலாம், றேடியேற்றரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம், விசிறி தளர்ந்திருக்கலாம், தெர்மோஸ்ராற் முழுதும் திறவாதிருக்கலாம்.

நான்காவது நிலை: ஊசி ஏறுகின்றது, ஹீற்றரோ திடீரெனக் குளிர்ந்து ஊதுகின்றது. நான்கு நிலைகளிலும் கொடியது இதுவே. எஞ்சின் கொதிக்கும்போது ஹீற்றர் குளிர்ந்தால், அதற்கு நீர் வந்து சேரவில்லை என்பதே பொருள். நீர் ஒழுகிப் போயிருக்கலாம், பம்பியைச் சுழற்றும் பட்டி அறுந்திருக்கலாம், பம்பியே பழுதாயிருக்கலாம். அடுத்த சந்திவரை போய்விடலாம் என்று எண்ணக்கூடாது. ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைக்க வேண்டும்.

இத்தருணத்தில் ஊசியை முழுதாக நம்பவும் முடியாது. வெப்பத்தை அளக்கும் உறுப்பு நீரில் அமிழ்ந்திருந்தாலன்றி உண்மையைச் சொல்லாது. நீர் வற்றிவிட்டால் அது வெறும் ஆவியை அளக்கும். சில வேளைகளில் ஊசி கீழே இறங்கவும் செய்யும். அதுகண்டு மகிழ்ந்து வண்டியைச் செலுத்தினால் எஞ்சின் போய்விடும்.

மலை ஏறும்போது

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வண்டி 1,300 மீற்றருக்கு மேல் உயர்கின்றது. பாரமும் அதிகம், வேகமும் குறைவு. முன்னாலிருந்து வீசும் காற்று போதாது. இங்கே றேடியேற்றருக்கு உதவுவது விசிறி ஒன்றே. பிக்கப் வண்டிகள் பலவற்றில் விசிறியின் நடுவே சிலிக்கோன் எண்ணெய் நிறைந்த ஓர் இணைப்பு உண்டு. சூடான காற்றுப் பட்டதும் அது இறுகி விசிறியை வேகமாகச் சுழற்றும். எண்ணெய் ஒழுகிவிட்டால் விசிறி சோம்பேறியாகிவிடும். சமதரையில் ஓடுகையில் ஊசி ஏறாமல், ஏற்றத்திலும் நெரிசலிலும் மட்டும் ஏறினால் முதலில் விசிறியையே ஐயுற வேண்டும். எஞ்சினை அணைத்தபின், அது சூடாயிருக்கும்போதே, விசிறியைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிப் பலமுறை சுழன்றால் இணைப்பு பழுது. ஆனால் மின்சார விசிறி உள்ள வண்டியில் இதைச் செய்யலாகாது. எஞ்சின் நின்ற பின்னும் அது தானாகச் சுழலக்கூடும். இதற்கு மாறாக, சமதரையில் வேகமாக ஓடும்போதே ஊசி ஏறினால், காற்றுக்குக் குறைவில்லை. றேடியேற்றரின் உள்ளடைப்பையே முதலில் நோக்க வேண்டும்.

உயரத்தினால் வரும் இடர் இன்னொன்றும் உண்டு. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கின்றது. இதைத் தடுப்பது றேடியேற்றர் மூடி. அம்மூடியின் வில்லு உள்ளே அமுக்கத்தை அடக்கி வைத்திருப்பதால், வெறும் நீர்கூட 110 பாகையைத் தாண்டியும் கொதியாமல் இருக்கும். வில்லுத் தளர்ந்த அல்லது றப்பர் வளையம் கிழிந்த மூடியினால், வேறு எக்குறையும் இல்லாத வண்டியும் மலையிற் கொதிக்கும். எஞ்சின் ஆறியபின் மேற்குழாய் உள்வாங்கிச் சப்பையாகக் காணப்பட்டால் மூடியின் சிறு வால்வு அடைபட்டது என்று அறியலாம். எல்லாவற்றிலும் மலிவான பொருள் மூடி. ஆதலால் முதலிற் பார்க்க வேண்டியதும் அதுவே.

நீர் எங்கே மறைகின்றது?

நாள்தோறும் நீர் குறைகின்றது. ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை. அப்படியாயின் அது உள்ளேதான் போகின்றது. முன்கண்ணாடியில் உட்புறமாகப் பிசுபிசுப்பான மூட்டம் படிந்து, வண்டிக்குள் இனிப்பான மணம் வீசி, காலடி விரிப்பு நனைந்திருந்தால் ஹீற்றர் ஒழுகுகின்றது. புகைக்குழாயில் வெண்புகை நீடித்து வந்தாலோ, எண்ணெய் பாற்கோப்பி நிறமாக மாறினாலோ, குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே மேற்குழாய் கல்லைப் போல இறுகினாலோ, தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள ஹெட் காஸ்கற் பழுதென்று கருத வேண்டும். புதிய வகை டீசல் எஞ்சின்களில், புகையின் ஒரு பகுதியைக் குளிராக்கி மீண்டும் உள்ளே அனுப்பும் உறுப்பு வெடித்தாலும் நீர் குறையும், வெண்புகை வரும். ஆகவே தலைப்பகுதியைக் கழற்றச் சொல்லுமுன், நல்ல கராஜில் அமுக்கச் சோதனையும், எரிவாயு கலந்தால் நிறம் மாறும் திரவச் சோதனையும் செய்விப்பது செலவைக் காக்கும்.

காஸ்கற் ஏன் பழுதாகின்றது? பல டீசல் பிக்கப் எஞ்சின்களில் தலைப்பகுதி அலுமினியம், அடிப்பகுதி வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகின்றது. அளவான சூட்டில் இரண்டும் ஒத்துப்போகும். அளவு மீறினால் தலைப்பகுதி வளைந்து காஸ்கற்றைப் பிய்த்துவிடும். மலைச்சரிவில் ‘இன்னும் கொஞ்சத் தூரந்தானே’ என்று ஓட்டிய இரண்டு மைலுக்கு இதுவே கூலி.

வழியிற் கொதித்தால்

ஊசி ஏறத் தொடங்கியும் ஹீற்றர் சூடாகவே ஊதுமாயின், குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளிருப்போர் வியர்ப்பார்கள், ஆனால் அச்சிறு றேடியேற்றரும் எஞ்சினின் சுமையிற் சிறிது தாங்கும். பாதுகாப்பான இடம் கண்டதும் நிறுத்துங்கள். ஊசி சிவப்பைத் தொட்டாலோ, ஹீற்றர் குளிர்ந்தாலோ, ஆவி எழுந்தாலோ அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்.

அணைத்த பின் செய்ய வேண்டிய முதல் வேலை காத்திருத்தல். சூடான றேடியேற்றர் மூடியைத் திறப்பது மிகப் பெரிய ஆபத்து. அமுக்கத்தினால் அடங்கியிருந்த நீர், மூடி தளர்ந்த கணத்திலேயே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க அருகே வந்து நிற்பார்கள். அவர்களை முதலில் விலக்குங்கள். ஒரு மணி நேரமாயினும் பொறுத்து, மேற்குழாய் கைக்கு இளகி ஆறியபின்னரே, தடித்த துணியைப் போர்த்தி, சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினிற் குளிர்நீரை ஊற்றுவதும் ஆகாது. காய்ந்த கண்ணாடிக் குவளை வெடிப்பது போலத் தலைப்பகுதி வெடிக்கும்.

நீர் விடும்போது ஹீற்றர்ப் பிடியைச் சூட்டுப் பக்கம் வைத்து, மெதுவாக விடுங்கள். அப்போதுதான் ஹீற்றருக்குள் அடைபட்ட காற்று வெளியேறும். நீர் மாற்றிய மறுநாள் ஹீற்றர் குளிர்ந்து ஊதினால், அது பெரும்பாலும் இந்தக் காற்றின் வேலையே.

என்ன நீர் விடுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வருவது. கேற்றிலின் அடியில் வெண்படிவாகத் தங்கும் அதே பொருள் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் தங்கும், வெப்பத்தைக் கடத்தாது. உலர்வலயக் கிணறுகள் பலவற்றின் நீரும் அத்தகையதே. அவசரத்துக்கு எந்த நல்ல நீரையும் விடலாம்; வீடு வந்ததும் அதை வடித்து, வண்டிக் கைநூல் சொல்லும் கூலன்ற்றையும் கனியுப்பு நீக்கிய நீரையும் கலந்து நிரப்புவதே முறை. நம் நாட்டில் எஞ்சின் நீர் உறைவதில்லையே, கூலன்ற் எதற்கு என்று கேட்போர் உண்டு. கூலன்ற் உறைவதை மட்டும் தடுப்பதன்று. அது கொதிநிலையை உயர்த்துகின்றது. துருவையும் அரிப்பையும் தடுக்கின்றது.

வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ற்றுகளில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது. அதே வேளை கொடிய நஞ்சு. சிறிதளவு குடித்தாலும் சிறுநீரகத்தைப் பாதிக்கும், உயிரையும் போக்கும். எஞ்சிய கூலன்ற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கலாகாது. வடித்த நீரை முற்றத்தில் விடவும் கூடாது. நாயும் பூனையும் நக்கும். பிள்ளை குடித்துவிட்டதென்று ஐயம் எழுந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இனி, வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு கடதாசியில் ஐந்து விடைகளை எழுதிக்கொள்ளுங்கள். ஊசி எப்போது ஏறுகின்றது, ஏற்றத்திலா சமதரையிலா? அப்போது ஹீற்றர் சூடாக ஊதியதா? மேற்குழாயும் கீழ்க்குழாயும் எப்படி இருந்தன? நீர் வாரத்துக்கு எவ்வளவு குறைகின்றது? புகையின் நிறமும் எண்ணெயின் நிறமும் யாவை? வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் அப்பணியை அப்பிள்ளையிடமே ஒப்படையுங்கள். இக்கடதாசியைக் கண்ட நல்ல மெக்கானிக் மகிழ்வார். எதை மாற்றலாம் என்று ஊகிக்கும் வேலை அவருக்கும் குறையும், உங்கள் செலவும் குறையும்.

அடுத்த வாரம், ஏறிய மலையை இறங்கும்போது தடுப்புகள் ஏன் சூடேறித் தளர்கின்றன என்பதைப் பார்ப்போம்.